மந்தையைக் கண்டு நின்றவர்கள்

கொழும்பு மாநகரிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளின் தொடர்மாடிகளிற் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுட் பலர், மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பும் ஓர் ஆட்டு மந்தையை நேரிற் கண்டறியார். ஆட்டுக்குக் குழை வெட்டிக் கட்டுவது எப்படி என்று கேட்டால், நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பர். ஆயினும், நோயுற்ற மந்தையொன்றைக் காக்கும் பொருட்டு மலையேறி மூலிகை பறித்து வந்தவர்களும், இருண்ட குகைக்குள் நுழைந்து மருந்து தேடி மீண்டவர்களும் அவர்களிடையே பலர் உளர். இவ்வருஞ்செயல்கள் யாவும் நிகழ்வது கணனித் திரையிலே!

கற்பனை உலகில் வீரனாகி உலாவும் இவ்வகை விளையாட்டுகளை அறியாத பெற்றோர்க்காக ஒரு சிறு விளக்கம் கூறுதல் நன்று. இவற்றிலே வீரனுக்குத் தலைமைப் பணி ஒன்று உண்டு. அரக்கனை அழிப்பதோ, பறிபோன அரசை மீட்பதோ அப்பணியாக இருக்கும். அதனை நாடி அவன் செல்லும் பெருவழியின் ஓரங்களிலே எளிய மாந்தர் சிலர் நின்று தம் குறையைச் சொல்வர். ஒரு முதியவள் தன் மகனைக் காணவில்லை என்பாள். ஓர் இடையன், தன் ஆடுகள் மேய்ச்சலை மறந்து ஒவ்வொன்றாய் விழுகின்றன என்பான். நின்று உதவுவதும், கேளாதவன்போற் கடந்து போவதும் ஆடுபவனின் விருப்பம். கடந்து போனாலும் தலைமைக் கதைக்குக் குறைவு நேராது. பெருவழியினின்றும் பிரிந்து செல்லும் இத்தகைய பணிகளைத் தமிழிலே கிளைப்பணி எனலாம்.

என் வகுப்பு மாணாக்கரிடம் ஒருநாள் இதனைப் பற்றிக் கேட்டேன். "அந்த இடையனுக்கு நீங்கள் உதவுவது எதற்காக?" என்றேன். "பொற்காசு கிடைக்கும், சேர்" என்றான் ஒருவன். "அனுபவப் புள்ளி கூடும், சேர்" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் சற்றுத் தயங்கி, "பேசாமற் போனால் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும், சேர்" என்றான்.

மூன்றாமவன் கூறிய விடையிலேதான் இக்கட்டுரையின் பொருள் அடங்கியிருக்கிறது. நோயுற்ற மந்தையைக் கண்டு வழியில் நின்றவர்களின் வரலாறு நீண்டது. அதனை நோக்குமிடத்து, கிளைப்பணி என்று உலகம் ஒதுக்கியது பலருக்குத் தலைமைப் பணியாகவே முடிந்திருப்பதைக் காண்கிறோம்.

சாயம் பூசிய ஆடுகள்

முதலில் விளையாட்டு உலகிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தைச் சேர்ந்த கோவர் சகோதரர்கள் உருவாக்கி 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டு ரூன்ஸ்கேப் என்பது. உலகின் பல பாகங்களிலும் உள்ளோர் ஒரே வேளையிற் கூடி ஆடும் இவ்விளையாட்டிலே, செம்மறி மேய்ப்பன் என்ற பொருள்படும் பெயருடன் ஒரு கிளைப்பணி உண்டு.

கொள்ளை நோய் பரவியதாகச் சொல்லப்படும் நகரொன்றிலே, நோயுற்ற நான்கு செம்மறிகள் தப்பி ஓடிவிட்டன என்று நகரசபை உறுப்பினர் ஒருவர் வீரனிடம் முறையிடுகிறார். வீரன் காசு கொடுத்துப் பாதுகாப்பு உடை வாங்கி அணிய வேண்டும். ஆடுகளைக் கோலாற் குத்தி ஓட்டிவந்து அடைப்புக்குள் சேர்க்க வேண்டும். பின்னர் அவற்றுக்கு நஞ்சூட்டி, எலும்புகளையும் எரித்துவிட வேண்டும். இதற்குப் பரிசு பொற்காசுகள். மருந்து தேடும் கதையை எதிர்பார்த்தவனுக்கு இஃது அதிர்ச்சி தருவதே.

இக்கதையின் விசேஷம் பின்னாலே வருகிறது. தொடர்ந்து வரும் பணிகளிலே, அந்நகரின் கொள்ளை நோய் முற்றிலும் பொய் என்பது வெளிப்படுகிறது. மக்களை அச்சத்திலே கட்டிவைக்க ஆட்சியாளர் புனைந்த சூழ்ச்சியே அது. பிற்பட்ட ஒரு பணியிலே, மாறுவேடம் பூண்ட வீரனே ஆடுகளின்மீது சாயம் படும்படி செய்து, அவை நோயுற்றவை போலத் தோன்ற வைக்க வேண்டி வருகிறது. முன்னர்த் தான் நஞ்சூட்டியவற்றின் நிலையை அப்பொழுதுதான் அவன் உணர்கிறான். நின்று உதவுவது மாத்திரம் போதாது, நோய் யாது என்று விசாரித்து அறிவதும் கடமை என்பதை இதைவிட நன்றாக எந்த ஆசிரியனாலும் புகட்ட முடியாது.

அவ்விளையாட்டு வெளிவந்த அதே 2001 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பண்ணைகளில் கால் வாய் நோய் பரவியது. அதனைத் தடுக்கும் பொருட்டு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை செம்மறிகள். நோய் தொற்றாதவையும் அவற்றுள் மிகப் பல. ஒன்றிலிருந்து மற்றது தோன்றியது என்று நாம் கூறவில்லை. மந்தையிலே நோய் என்றவுடன் "கொல்வதா, காப்பதா?" என்ற வினா விளையாட்டில் மாத்திரமன்றி மெய்யுலகிலும் எழுவது என்பதையே சுட்டுகிறோம்.

சாத்தனூர்ப் பசுக்கள்

வழியில் நிற்பதா, போவதா என்ற முதல் வினாவுக்கு நம் இலக்கியத்தில் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்திலே கூறும் திருமூல நாயனார் வரலாறு அது.

கயிலையிலே நந்தியெம்பெருமானின் அருள்பெற்ற யோகியார் ஒருவர், அகத்திய முனிவரைக் காணும் விருப்புடன் பொதிய மலை நோக்கிப் புறப்படுகிறார். கேதாரம், காசி, காஞ்சி, தில்லை முதலிய தலங்களை வணங்கித் திருவாவடுதுறையை அடைகிறார். இனிச் செல்ல வேண்டிய வழி தெற்கே இருக்கிறது. காவிரிக் கரையிலே செல்லும்போது ஒரு காட்சி அவரைத் தடுத்து நிறுத்துகிறது. சாத்தனூரைச் சேர்ந்த மூலன் என்னும் ஆயன் உயிர் நீங்கிக் கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சூழ்ந்து நின்று, மோந்தும் கதறியும் வருந்துகின்றன.

யோகியார் செல்ல வேண்டிய இடமோ பொதியமலை. காண வேண்டியவரோ அகத்தியர். மாட்டுக்காரன் ஒருவனின் பசுக்களுக்காக நிற்க வேண்டிய நியாயம் யாது? ஆயினும் அவர் நின்றார். தம் உடலைப் பத்திரமான ஓரிடத்தில் வைத்துவிட்டு, மூலனின் உடலிற் புகுந்து எழுந்தார். பசுக்கள் துயர் நீங்கி, அவரை நக்கி மகிழ்ந்து மேய்ந்தன. மாலையிலே அவற்றை ஊருக்கு ஓட்டிச் சென்று வீடுகளிற் சேர்த்தார். பின் திரும்பி வந்து பார்த்தபோது தாம் வைத்த உடலைக் காணவில்லை. பொதிய மலைப் பயணம் அத்துடன் நின்றது.

திருவாவடுதுறையிலே அரசமரத்தடியில் அமர்ந்து அவர் அருளிய மூவாயிரம் பாடல்களே திருமந்திரம் என்பது மரபு. அகத்தியரைக் காணச் சென்ற யோகியாரின் சொந்தப் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை. அவர் நின்று உதவிய ஆயனின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. பதி, பசு, பாசம் என்று மெய்ப்பொருளை வகுத்துரைக்கும் அந்நூலிலே பசு என்ற சொல் உயிரைக் குறிக்கிறது. காவிரிக் கரையிற் கதறிய பசுக்களை நினைவிற் கொண்டு அச்சொல்லைப் படிப்போர்க்கு, அதன் பொருள் இன்னும் சற்று நெருங்கி வரும்.

கல்லிலே பொறித்த கட்டளை

மூலனின் பசுக்களுக்கு வந்தது துயரம், நோயன்று. நோய்க்கு மருந்து வேண்டும். அம்மருந்தினை அரசின் கடமையாக்கிய பெருமை அசோகச் சக்கரவர்த்திக்கு உரியது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டிலே அவர் பாறைகளிற் பொறித்த கட்டளைகளுள் இரண்டாவது இதனைப் பேசுகிறது. மனிதருக்கு வைத்தியம், விலங்குகளுக்கு வைத்தியம் என இருவகை ஏற்பாடுகள் செய்யப்பட்டன என்றும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொண்டுவரப்பட்டு நடப்பட்டன என்றும், வழிகளிலே மனிதரும் விலங்குகளும் பயன்பெறக் கிணறுகள் தோண்டி மரங்கள் வைக்கப்பட்டன என்றும் அது கூறுகிறது. இவ்வேற்பாடு நடைபெற்ற நாடுகளின் வரிசையிலே சோழர், பாண்டியர் நாடுகளோடு தாம்பிரபர்ணி எனப்படும் இலங்கையும் குறிக்கப்படுகிறது. திரையிலே நம் பிள்ளைகள் தேடும் மூலிகையை இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நட்டுவைக்கச் சொன்னார் ஒரு மன்னர்!

நம் மக்களும் தம் அனுபவத்தை மாட்டு வாகடம் என்ற பெயரில் ஏட்டிலும் அச்சிலும் காத்து வந்துள்ளனர். ஆனால், ஒரு மந்தையிலிருந்து இன்னொரு மந்தைக்குத் தாவி நாடு முழுவதையும் அழிக்கும் கொள்ளை நோய்க்கு முன்னே மூலிகையும் குறிசுடுதலும் தோற்றே நின்றன. அத்தகைய நோய்களுட் கொடியது, தமிழகத்திலே வெக்கை நோய் என வழங்கிய மாட்டுக் கொள்ளை நோய். ஐரோப்பாவிலே 18 ஆம் நூற்றாண்டில் அது விளைத்த நாசமே, கிளாட் பூர்ஜலா என்பவர் 1761 ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலே முதலாவது மிருக வைத்தியக் கலாசாலையை நிறுவுவதற்குக் காரணமாயிற்று.

அதே தேசத்தில், ஒரு நூற்றாண்டுக்குப் பின், இரசாயன அறிஞர் லூயி பாஸ்டர் இடையர்களின் முறையீட்டுக்குச் செவிசாய்த்தார். அடைப்பான் நோயினால் செம்மறிகள் ஒரே நாளில் விழுந்து மடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்நோய்க்குக் காரணமான கிருமியின் வாழ்க்கை முறையை ஜெர்மனியிலே ராபர்ட் கோக் 1876 இல் விளக்கியிருந்தார். ஆயினும் சில வயல்களில் மேயும் ஆடுகள் மாத்திரம் ஆண்டுதோறும் மடிவது ஏன் என்பது விளங்கவில்லை. அவற்றைச் சாபம் பெற்ற வயல்கள் என்றனர் இடையர்.

சார்த்தர் நகருக்கு அருகே ஒரு பண்ணையிலே நடந்து சென்ற பாஸ்டர், ஓரிடத்தில் மண்ணின் நிறம் சற்று வேறுபட்டிருப்பதைக் கண்டு காரணம் வினவினார். முந்திய ஆண்டில் நோயினால் இறந்த ஆடுகளைப் புதைத்த இடம் அது என்றார் பண்ணைக்காரர். குனிந்து பார்த்தபோது, மண்புழுக்கள் வெளித்தள்ளிய மண் அங்கே குவிந்திருந்தது. புதைத்த உடல்களின் கிருமி வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. சாபம் என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு காரணம் இருந்தது. குனிந்து பார்த்தவருக்கே அது புலப்பட்டது.

பின்னர், மெலூன் நகருக்கு அருகிலுள்ள புயி லெ ஃபோர் என்னும் பண்ணையிலே, பாஸ்டரின் கொள்கையை நம்பாத ரொசிஞோல் என்ற மிருக வைத்தியரின் அழைப்பின் பேரில், பலரறியச் சோதனை நடந்தது. செம்மறியும் வெள்ளாடுமாக 50 உயிர்கள். அவற்றிற் பாதிக்கு மட்டும் தடுப்பூசி. 1881 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் திகதி முதலூசியும், 17 ஆம் திகதி இரண்டாவது ஊசியும் ஏற்றப்பட்டன. 31 ஆம் திகதி எல்லாவற்றுக்கும் நோய்க் கிருமி ஏற்றப்பட்டது. ஜூன் 2 ஆம் திகதி பார்க்க வந்தோர் கண்டது யாது? ஊசி பெற்ற 25 உம் உயிருடன் நின்றன. ஊசி பெறாதவற்றுட் பெரும்பாலானவை மடிந்து கிடந்தன. எஞ்சியவையும் அன்றைய பொழுது சாய்வதற்குள் மடிந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1885 இல், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனைக் காக்க முற்பட்ட பாஸ்டருக்கு, ஆட்டுப் பட்டியிற் பெற்ற அனுபவமும் துணையாயிற்று.

கடலின் இரு கரைகளிலும்

இனி நம் காலத்துக்கும் நம் கடற்கரைக்கும் வருவோம். 1987 ஆம் ஆண்டிலே பாக்கு நீரிணையின் இரு பக்கங்களிலும் நடந்த இரண்டு சம்பவங்கள் கவனிக்கத்தக்கவை.

அவ்வாண்டிலே, தமிழகத்தின் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூர்க் கிராமத்தில் செம்மறி மந்தையொன்று நோயுற்றது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத் திணறல் என்பன அந்நோயின் குணங்கள். பார்ப்பதற்கு வெக்கை நோய் போன்றது. அப்படியே எண்ணி விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலா முதலிய ஆராய்ச்சியாளர் நின்று விசாரித்தனர். அது வெக்கையன்று, ஆட்டுக்கொல்லி என்னும் வேறொரு நோய் என்பது புலனாயிற்று. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலே 1942 ஆம் ஆண்டில் முதன்முதல் விவரிக்கப்பட்ட அந்நோய், இந்தியாவில் முதலிற் கண்டறியப்பட்டது அரசூரிலேதான். இம்முடிவு 1989 இல் அச்சில் வெளிவந்தது.

வெக்கை வைரசும், ஆட்டுக்கொல்லி வைரசும், நம் குழந்தைகளுக்கு வரும் சின்னமுத்து வைரசும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒரே குலத்தவராயினும் ஒருவரல்லர். ஆட்டுக்கு வந்தது இன்ன நோய் என்று பிரித்தறியாவிட்டால், மாட்டு நோயை நாட்டிலிருந்து ஒழித்தோமா இல்லையா என்ற கணக்கே பிழைத்துவிடும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்து செய்க என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை, ஆட்டுப் பட்டிக்கும் பொருந்துவதே.

அதே 1987 இலே, பல பத்தாண்டுகளாக வெக்கை நோய் இல்லாதிருந்த நம் இலங்கையில் அந்நோய் மீண்டும் தோன்றிற்று. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்தது என்பது ஆராய்ந்தோர் முடிவு. ஆடுகளுடன் வந்த நோய் மாடுகளிடையே பரவியது. 1994 ஆம் ஆண்டு வரையிலும் அது இந்நாட்டை விட்டு அகலவில்லை. அக்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் மனிதர் உயிருக்கே உத்தரவாதம் இல்லாதிருந்தது. மாட்டின் உயிரைப் பற்றிப் பேச எவருக்கு நேரம்? ஆனால் ஏரும் பாலும் எருவும் மாட்டிலிருந்தே வந்த வீடுகளுக்கு அது சிறு துயரன்று.

அரசூரின் கதை அத்துடன் முடியவில்லை. அங்கே செம்மறிகளைக் கொன்ற அதே வைரசினை ஆய்வுகூடத்திலே பலமுறை வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசியாக்கினர். அத்தடுப்பூசி வகைக்கு 'அரசூர் 87' என்று பெயர். ஓர் ஊரில் ஆடுகளைக் கொன்ற நோயே, பின்னர் ஊரூராய் ஆடுகளைக் காக்கும் மருந்துக்கு மூலமாயிற்று. எந்தக் கற்பனைக் கதைக்கும் இஃது இளைத்ததன்று.

மந்திரப் புட்டியும் மெய் மருந்தும்

விளையாட்டிலே வீரன் மூன்று மூலிகைகளைக் கொண்டுவந்து ஒரு புட்டி மருந்து தெளித்தால், விழுந்து கிடந்த ஆடுகள் யாவும் எழுந்துவிடும். மெய்யுலகில் அவ்வாறன்று. ஆட்டுக்கொல்லி வைரசினை நேரே அழிக்கும் மருந்து வழக்கில் இல்லை. நோயுற்ற ஆட்டைப் பிரித்து வைத்து, நீர் கொடுத்து, உடன் சேரும் வேறு கிருமிகளை அடக்க மருந்தளித்துப் பார்க்கலாம், அவ்வளவே. தடுப்பூசியோ நோய் வருமுன் போட வேண்டியது. ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமற் காக்கும். ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து பட்டி வரையிலும் அதனைக் குளிர் குன்றாமற் கொண்டுசெல்ல வேண்டும். மின்சாரமும் பாதையும் இல்லாத ஊர்களுக்குப் பனிக்கட்டிப் பெட்டியைத் தோளிற் சுமந்து செல்லும் ஊழியரின் பயணத்தைத் திரைப் பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது அரிது?

இவ்வாறு அடி அடியாய் நடந்தே வெக்கை நோயை உலகம் வென்றது. வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கில மிருக வைத்தியர் கென்யாவிலே ஆக்கிய தடுப்பூசி அதற்கு அடிகோலிற்று. அதற்காக 1999 ஆம் ஆண்டில் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. வைத்தியர் செல்ல முடியாத வனாந்தரங்களிலே மேய்ப்பர்களே ஊசி போடப் பழகினர். எந்த மந்தையில் நோய் ஒளிந்திருக்கிறது என்பதை வைத்தியருக்கு அறிவித்தவர்களும் அவர்களே. விளையாட்டில் வரும் இடையன் வழியோரத்தில் நின்று முறையிடுவதோடு சரி. மெய்யுலகின் இடையனோ வீரனுக்கு வழிகாட்டியாகவும், சில இடங்களில் தானே வீரனாகவும் விளங்கினான்.

2011 ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்தது என்று பிரகடனம் செய்யப்பட்டது. மனிதரைப் பற்றிய பெரியம்மை 1980 இல் ஒழிந்தபின், மனித முயற்சியால் உலகை விட்டே அகற்றப்பட்ட இரண்டாவது நோய் இது. லியோன் கலாசாலை தோன்றி அப்பொழுது சரியாக 250 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்ததாக ஆட்டுக்கொல்லி நோயை 2030 ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென்று 2015 இல் சர்வதேச நிறுவனங்கள் திட்டம் வகுத்தன. அத்திட்டம் அறிவிக்கப்பட்ட இடம், அந்நோய் முதலில் விவரிக்கப்பட்ட ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரமாகும்.

ஆட்டுக்கு இத்துணைப் பிரயாசை எதற்கு என்று நகரவாசி கேட்கக்கூடும். மாடு வாங்க வசதியற்றவர் வாங்குவது ஆடு. போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தலைவனை இழந்த பெண்கள் பலருக்கு வாழ்வாதாரமாக வழங்கப்பட்டவற்றுள் ஆடும் ஒன்று. அவ்வீட்டிலே இரண்டு ஆடுகள் நிற்பது, வங்கியில் வைப்புப் பணம் இருப்பதற்குச் சமம். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு ஒரு கிடாய். அவசர வைத்தியச் செலவுக்கு இன்னொன்று. நோய் புகுந்தால் ஒரு வாரத்தில் அந்த வைப்புப் பணம் முழுவதும் மண்ணுக்குள் போய்விடும். இடையனின் கண்ணீர் கதைக்காகச் சேர்த்த அலங்காரம் அன்று.

நம் பிள்ளைகளின் பெருவழி

இங்கே நம் குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உயர்தர வகுப்பில் உயிரியல் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைக்கு நாம் ஒரே ஒரு பெருவழியைத்தான் காட்டுகிறோம். அது மருத்துவ பீடத்திற்குச் செல்லும் வழி. இஸட் புள்ளி சற்றுக் குறைந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்கு அனுமதி கிடைத்தால், வீட்டிலே ஏதோ இழவு விழுந்ததுபோல் முகங்கள் வாடுகின்றன. "மாட்டு வைத்தியம் படிக்கவா இவ்வளவு ரியூஷன்?" என்று உறவினர் கேட்கின்றனர். நம்மிடையே மாட்டு வைத்தியன் என்பது வசைச் சொல்லாகவும் வழங்குகிறது.

எண்ணிப் பாருங்கள். மனிதரைப் பீடிக்கும் கொள்ளை நோய்களுட் பல விலங்குகளிடமிருந்து வந்தவை. அம்மைத் தடுப்புக்கு எட்வர்ட் ஜென்னர் வழி கண்டது, பால் கறப்போர் கையிலே தோன்றிய மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து. பாஸ்டர் கண்ட வழி ஆட்டுப் பட்டியிலே. ஒரு மருத்துவர் தம் முன்னே வந்து அமரும் நோயாளியைக் காக்கிறார். ஒரு மிருக வைத்தியரோ, தாம் காணாத ஆயிரம் வீடுகளின் பாலையும், சோற்றையும், சேமிப்பையும் காக்கிறார். இருவருள் எவர் சென்றது பெருவழி, எவர் சென்றது கிளைவழி? தம் பிள்ளைக்குக் கிடைத்த இடத்தைக் கண்டு கண் கலங்கும் பெற்றோர், கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறும் வேலைகளை ஒருமுறை விசாரித்து அறிவாராயின், அக்கலக்கம் நீங்கும் என்பது என் நம்பிக்கை.

எல்லாப் பிள்ளைகளும் மிருக வைத்தியராக வேண்டும் என்பதன்று நான் சொல்வது. விளையாட்டை முற்றாக விலக்குங்கள் என்றும் சொல்ல வரவில்லை. படிப்பு நேரம் போக எஞ்சிய நேரத்தில் அளவோடு ஆடட்டும். ஆனால் ஆடும் பிள்ளையிடம் பெற்றோர் இரண்டொரு கேள்விகள் கேட்கலாம். "அந்த இடையன் சொன்னது மெய்தானா என்று பார்த்தாயா? அவன் ஆடுகளுக்கு நோய் எப்படி வந்தது? நீ போன பின் மீண்டும் வராமலிருக்க என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் இவற்றுக்கு விடை இராது. விடை இல்லாத அவ்விடத்திலேதான் பிள்ளையின் சொந்தச் சிந்தனை தொடங்கும்.

மாணாக்கரே, உங்களுக்கும் ஒன்று. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, உறவினர் வீட்டு ஆடு கண்ணும் மூக்கும் வடியக் குழை தின்னாமல் நின்றால், அதனைக் கண்டும் காணாதார்போல் விடாதீர்கள். மற்ற ஆடுகளிலிருந்து அதைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். பிரதேசத்து அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அதை விற்கவோ, வேறு ஊருக்குக் கொண்டுபோகவோ வேண்டாம் என்று எடுத்துரையுங்கள். இதற்குப் பொற்காசும் புள்ளியும் கிடைக்கமாட்டா. மூன்றாவது மாணாக்கன் குறிப்பிட்ட அந்த மன உறுத்தல் மாத்திரம் உங்களுக்கு இராது.